சருகுக்குள் ஒரு பெயர்: டொக்டர் எட்வேர்ட் கெலார்ட்டின் நாற்பது ஆண்டுகள்

அரணை கடித்தால் மரணம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதே அரணைக்கு மறதி அதிகம், கடிக்க வந்ததை வரும் வழியிலேயே மறந்துவிடும் என்றும் சொன்னார்கள். ஞாபகமறதிக்காரரை அரணைப் புத்தி என்று கேலி செய்வது அதனால்தான். வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில் மண்சுவர் ஓரமாக ஓர் அரணை மினுமினுத்துக்கொண்டு ஓடினால், வானத்தில் சுற்றும் விமானத்தை மறந்து பிள்ளைகள் நாங்கள் அதற்குப் பயந்திருக்கிறோம்.

இலங்கையில் வாழும் எந்த அரணைக்கும் நஞ்சு கிடையாது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். எங்கள் வளவுகளில் ஓடுவது இந்தத் தீவின் பல அரணைகளில் ஒன்று மட்டுமே என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மலையகத்தின் ஈரக் காடுகளில், சருகுக்கும் மண்ணுக்கும் இடையில், உலகில் வேறெங்கும் இல்லாத அரணைகள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு முதலில் பெயர் வைத்தவர் இந்தத் தீவிலேயே பிறந்த ஒரு வைத்தியர். அவர் பெயர் எட்வேர்ட் பிரெடரிக் கெலார்ட். நுவரெலியாவின் காட்டில் தொடங்கிய அவரது தேடல் திருகோணமலைக் கடலில் வந்து முடிந்தது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் குறைவு.

பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை

கெலார்ட் 1819ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி இலங்கையில் ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தார். கரையோரம் ஒல்லாந்தரின் கையிலிருந்து பிரித்தானியரின் கைக்கு மாறி அப்போது ஒரு தலைமுறைதான் கடந்திருந்தது. புதிய ஆட்சியில் பறங்கியர் பலர் எழுதுவினைஞர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வைத்தியத் துறை ஊழியர்களாகவும் பிழைப்பைத் தேடினார்கள். கெலார்ட்டும் இளம் வயதிலேயே தீவின் வைத்தியத் துறையில் சேர்ந்தார். பின்னர் ஸ்கொட்லாந்து சென்று எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1841இல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்து மருத்துவப் படிப்பில் தாவரவியலும் ஓர் அங்கம். மருந்துகள் பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்தே வந்ததால், வைத்தியருக்கு இலையையும் வேரையும் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சிதான் கெலார்ட்டை இயற்கை ஆய்வாளராக்கியது. பிரித்தானிய இராணுவத்தின் வைத்தியப் பிரிவில் சேர்ந்த அவர், மத்தியதரைக் கடலின் வாசலில் உள்ள ஜிப்ரால்டருக்கு அனுப்பப்பட்டார். சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தது போக மீதி நேரத்தில் அந்தப் பாறைக் குன்றின் தாவரங்களைச் சேகரித்துப் பட்டியலிட்டார். 1846இல் அது நூலாக வெளிவந்தது. எந்தச் செடி, எந்தச் சரிவில், எந்த மண்ணில் என்று எழுதும் பழக்கம் அங்கேயே அவருக்கு வந்துவிட்டது.

1849இல் இராணுவ வைத்தியராக அவர் பிறந்த தீவுக்குத் திரும்பினார்.

நுவரெலியாவில் ஒரு வைத்தியர்

அவர் திரும்பிய நேரம் அமைதியான நேரமல்ல. 1848இல் மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் டொரிங்டனின் அரசு இராணுவச் சட்டத்தின் கீழ் அடக்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கெலார்ட் அணிந்திருந்ததும் அந்த இராணுவத்தின் சீருடைதான். அவருடைய ஆய்வைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேச முடியாது. காட்டுக்குள் அவர் போக முடிந்ததும், மாதிரிகளைக் கப்பலில் அனுப்ப முடிந்ததும் பேரரசின் பாதைகள் இருந்ததால்தான்.

நுவரெலியா அப்போது சிறிய இடம். நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குளிர்காற்றில் உடல்தேற வேண்டும் என்று ஆளுநர் பார்ன்ஸ் 1829இல் அங்கே ஆரோக்கிய நிலையம் ஒன்றை அமைத்திருந்தார். கெலார்ட் அங்கே இருந்த அதே காலத்தில் இன்னொரு பிரபலமான மனிதரும் நுவரெலியாவில் வாழ்ந்தார். யானைகளையும் மரைகளையும் வேட்டையாடிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர்தான் அவர். ஒரே காட்டுக்குள் இருவரும் போனார்கள். பேக்கர் தேடியது பெரிய உயிர்களை. கெலார்ட்டின் கண் மூஞ்சூறு, காட்டெலி, தவளை, பல்லி, அரணை என்று சின்ன உயிர்களிலும் நின்றது.

மலைக் காடுகளில் வாழும், நீண்ட நகங்கள் கொண்ட மூஞ்சூறு ஒன்றை 1850இல் அவர் விவரித்தார். அடர்ந்த உரோமம் கொண்ட மலைநாட்டு மந்திக்கும் அதே ஆண்டில் பெயரிட்டார். பறவைகள் விடயத்தில், கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த எட்வேர்ட் பிளைத்துடன் தொடர்பு வைத்து, சந்தேகமானவற்றை அவருடன் ஒப்பிட்டுப் பார்த்தார். 1852இல், இலங்கையின் விலங்குகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. புரொட்ரோமஸ் என்று தொடங்கும் இலத்தீன் தலைப்பை அதற்கு வைத்தார். முன்னோடிக் குறிப்பு என்பது அதன் பொருள். தான் முழுமையாகச் சொல்லவில்லை, அடுத்து வருபவர்களுக்குத் தொடக்கம் ஒன்றைத் தருகிறேன் என்ற அடக்கம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது.

சருகின் கீழே

1854இல் கெலார்ட் மலைநாட்டு அரணை ஒன்றைப் பற்றி எழுதினார். கிரேக்கர்கள் இந்தத் தீவை அழைத்த பழைய பெயரான தப்ரோபனையைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். இன்று விஞ்ஞானிகள் அதை லங்காசின்கஸ் தப்ரோபனென்சிஸ் என்கிறார்கள். வாலை விட்டுப் பார்த்தால் ஒரு விரல் நீளம்கூட இல்லாத உயிரி அது. பழுப்பு நிறம், வழுவழுப்பான செதில், சிறிய கால்கள். அது சருகுக்குள் புகுந்துவிட்டால் இலை அசைவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

மலைக் காட்டில் நிலத்தின் மேல் கிடக்கும் சருகு வெறும் குப்பையல்ல. மேலே விதானம் வெயிலைத் தடுக்கிறது. மேகம் மரங்களில் உரசி ஈரத்தை விட்டுச் செல்கிறது. கீழே இலைகள் அடுக்கடுக்காக உக்குகின்றன. அந்த அடுக்குகளுக்குள் எறும்பு, கறையான், சிலந்தி, சிறு பூச்சிகள் என்று ஓர் உலகம். அரணைக்கு உணவும் அங்கேதான், ஒளிவிடமும் அங்கேதான். விதானத்தை வெட்டினால் வெயில் நேராக நிலத்தில் விழும். சருகு காயும். உக்கல் நின்றுபோகும். யாரும் அரணையைக் கொல்லத் தேவையில்லை. அதன் கூரையைக் கழற்றிவிட்டால் போதும்.

இந்தத் தீவின் மண்ணுக்குள் இன்னும் விசித்திரமான அரணைகள் உள்ளன. நெசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவற்றில் சிலவற்றுக்குக் கால்கள் சின்னக் குச்சிகள் போலச் சுருங்கிவிட்டன. சிலவற்றுக்குக் கால்களே இல்லை. மண்வெட்டியில் மேலே வரும்போது பாம்பு என்று எண்ணி அடித்துக் கொல்லப்படுவது அவற்றின் விதி. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அவை இல்லை.

கெலார்ட் பெயரிட்ட அரணைக்குச் சரியான உறவுக்குடும்பம் கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1991இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் அலன் கிரீர், இலங்கையின் சருகு அரணைகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து லங்காசின்கஸ் என்று பெயரிட்டார். அதே கட்டுரையில் மூன்று புதிய இனங்களையும் சேர்த்தார். 2007இல் சிவனொளிபாத மலைக் காட்டிலிருந்து, அந்த மலையின் பெயரையே சுமந்த இன்னோர் இனம் விவரிக்கப்பட்டது. இந்த வேலை இன்னும் தொடர்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் காட்டில் சிறு சதுரங்களைக் கயிற்றால் குறித்து, சருகை ஒவ்வோர் இலையாக விலக்கி, கிடைக்கும் உயிர்களை எண்ணுகிறார்கள். நிலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் சருகின் ஆழத்தையும் குறிக்கிறார்கள். ஒரு புதிய அரணையைப் புதியது என்று சொல்ல வேண்டுமானால், பழைய விவரங்கள் எல்லாவற்றுடனும் ஒப்பிட வேண்டும். அந்தத் தேடலில் அவர்கள் திரும்பத் திரும்பக் கெலார்ட்டின் பக்கங்களுக்கே போக வேண்டியிருக்கிறது.

வெட்டப்பட்ட காடு, எண்ணப்படாத மனிதர்

கெலார்ட் காட்டைப் பதிவு செய்த அதே ஆண்டுகளில்தான் அந்தக் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்தக் காணிகள் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. மலைச் சரிவுகள் எரிக்கப்பட்டன. ஓர் அரணையின் பெயர் அச்சில் ஏறும்போது அதன் வீடு பக்கத்துச் சரிவில் புகைந்துகொண்டிருந்தது.

கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதி, பசி, களைப்பு, காட்டு விலங்கு. வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். சரியான கணக்கை அந்த அரசு வைத்திருக்கவில்லை. ஒரு மூஞ்சூறு எந்த உயரத்தில் பிடிபட்டது என்று எழுதி வைத்த காலம், ஒரு தாய் எந்த மரத்தடியில் இறந்தாள் என்பதை எழுதவில்லை. இதற்குக் கெலார்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எது பதிவாகிறது, எது விடுபடுகிறது என்ற கேள்வியை அவருடைய காலம் எங்கள் முன் வைக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கெலார்ட்டின் சமகாலத்தவரான எட்கர் லேயார்ட் பருத்தித்துறையில் பறவைகளைச் சேகரித்தவர். அங்கே கிடைத்த சிறிய ஈபிடிப்பான் ஒன்றுக்கு 1854இல் அவர் முத்து என்ற பெயரை வைத்தார். முத்து அவரிடம் வேலை செய்த தமிழர், அவருக்காகப் பறவைகளைத் தேடிக் கொடுத்தவர். இன்றும் அந்தப் பறவையின் விஞ்ஞானப் பெயர் மஸ்கிகபா முத்துவி. குளிர்காலத்தில் எங்கள் தீவுக்கு வந்து போகும் அந்தப் பறவையோடு முத்துவின் பெயரும் நூற்றெழுபது வருடங்களாக வந்து போகிறது. மாதிரிகளைப் பிடித்துக் கொடுத்த எத்தனையோ கைகளில் இவ்வாறு நினைவுகூரப்பட்டவர்கள் மிகச் சிலர்.

திருகோணமலையின் கண்ணாடித் தொட்டிகள்

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபம் அரசுக்குப் பெரிய வருமானம். ஆனால் சிப்பிகள் சில ஆண்டுகள் குவிந்து கிடக்கும், பிறகு பல ஆண்டுகள் காணாமல் போகும். 1830களின் இறுதியிலிருந்து நீண்டகாலம் குளிப்பே நடக்கவில்லை. மீண்டும் குளிப்பு தொடங்கிய பிறகு, சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்து சொல்லும்படி 1857இல் அரசு கெலார்ட்டைக் கேட்டது.

அவர் திருகோணமலையில் தங்கி ஆராய்ந்தார். தம்பலகாமக் குடாவில் கிடைக்கும், கண்ணாடி போல மெல்லிய ஓடு கொண்ட சிப்பியைப் பற்றியும் அறிக்கை எழுதினார். முத்துச் சிப்பிகளைத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தபோது, பாறையில் தன்னைக் கட்டி வைத்திருக்கும் நாரைச் சிப்பி தானே அறுத்துவிட்டு இடம்மாறி, புதிய நாரைச் சுரந்து மீண்டும் ஒட்டிக்கொள்வதைக் கண்டார். சிப்பி பிறந்த இடத்திலேயே கிடந்து சாகும் பொருளல்ல, இடம்பெயர்ந்தும் வேரூன்றக்கூடிய உயிர் என்பதை அவர் காட்டினார். சிப்பிக்குள் நுழையும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்து உருவாவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று, ஹம்பேர்ட் என்ற சுவிஸ் ஆய்வாளருடன் சேர்ந்து 1859இல் சொன்னார். 1902இல் முத்துப் படுக்கைகளை ஆராய வந்த ஹெர்ட்மன் இந்த வழியைத்தான் மீண்டும் எடுத்துக்கொண்டார்.

சருகுக்குள் கேட்ட கேள்வியையே கெலார்ட் கடலுக்குள்ளும் கேட்டார். இந்த உயிர் எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எது மாறினால் இது இல்லாமல் போகும். உயிரை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் உள்ள விடயம். அன்று அருங்காட்சியகங்கள் பல விலங்குகளைப் போத்தலில் அடைத்துச் சுட்டி ஒட்டியதோடு திருப்திப்பட்டிருந்தன.

திருகோணமலைக் கடலின் நிறநிறமான கடல் நத்தைகளையும் அவர் வரைந்தார். ஓடில்லாத இந்த நத்தைகளைச் சாராயத்தில் போட்டால் நிறம் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே வரைந்தால்தான் அவை எப்படி இருந்தன என்று தெரியும். அந்தச் சித்திரங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகர அருங்காட்சியகம் வரை போய்ச் சேர்ந்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் அவற்றை வைத்து ஆய்வு ஒன்றை வெளியிட்டார். வரைந்தவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

முடிவும் மீட்சியும்

1860இல் இங்கிலாந்துக்குச் சென்ற கடல் பயணத்தில் கெலார்ட் இறந்தார். திகதி ஆகஸ்ட் 31. வயது நாற்பது. முத்துச் சிப்பி வேலை பாதியில் நின்றது. முன்னோடிக் குறிப்பு என்று தலைப்பிட்ட நூலுக்குப் பின்னோடி நூலை எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் சேகரித்த மாதிரிகள் பல காலப்போக்கில் தொலைந்தன. கறுப்புத் தொண்டைச் சில்லைக் குருவி ஒன்றும் தேரை ஒன்றும் அவர் பெயரைச் சுமக்கின்றன.

தொலைந்த மாதிரிகளில் ஒரு தவளையும் இருந்தது. 1853இல் நுவரெலியாவிலிருந்து அவர் விவரித்த அந்தத் தவளைக்கு, முதுகில் உள்ள புள்ளிகளை நட்சத்திரங்களாகக் கண்டு, ஸ்டெல்லாட்டஸ் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக யாரும் அதைக் காணவில்லை. மாதிரியும் இல்லை, உயிரும் இல்லை. நுவரெலியாவைச் சுற்றியிருந்த காடு தேயிலையாகவும் நகரமாகவும் மாறிவிட்டது. அழிந்துபோன இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இலங்கையின் தவளைகளில் ஒரு டசினுக்கும் மேற்பட்டவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் குழுவினரும் சிவனொளிபாத மலைக் காட்டில் ஆய்வு செய்தபோது பச்சை உடலில் புள்ளிகள் பதித்த ஒரு தவளையைக் கண்டார்கள். கெலார்ட் எழுதி வைத்த விவரத்துடன் ஒப்பிட்டார்கள். பொருந்தியது. 2013இல் அந்தச் செய்தி ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இறந்தவர்களின் பட்டியலில் இருந்த ஒரு பெயர் உயிரோடு இருப்பவர்களின் பட்டியலுக்கு வந்தது.

2009 என்ற ஆண்டை எங்களில் யாரும் இயல்பாக வாசித்துக் கடக்க முடியாது. காணாமல் போன ஒருவரைத் தேடுவது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தவளையும் மனிதரும் ஒன்றல்ல. அப்படி ஒப்பிடுவது எங்கள் தாய்மாருக்குச் செய்யும் நியாயமும் அல்ல. ஆனால் தேடலுக்கு என்ன வேண்டும் என்பதை இந்தக் கதை தெளிவாகக் காட்டுகிறது. பெயர் வேண்டும். கடைசியாகக் கண்ட இடம் வேண்டும். அடையாளம் வேண்டும். அதை யாராவது ஒருவர் அந்த நேரத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். கெலார்ட் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் அவர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும், அவருடைய காலத்தைக் காணாத சிலர் ஓர் உயிரைப் பார்த்ததும் இது அதுதான் என்று சொல்ல முடிந்தது.

எழுதி வைப்பது மட்டும் போதாது என்பதும் உண்மை. அந்தத் தவளை மீண்டும் கிடைத்தது ஒரு காடு மிச்சமிருந்ததால். சிவனொளிபாத மலைக் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியின் உயர்ந்த பகுதிகளில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. கெலார்ட்டின் அரணை இன்றும் நுவரெலியாப் பக்கம் சருகு கிடக்கும் இடங்களில் வாழ்கிறது. காட்டின் கூரை இருக்கும்வரை அது இருக்கும்.

அடுத்த முறை வளவில் சருகு கூட்டும்போது ஓர் அரணை குறுக்கே ஓடினால் விளக்குமாற்றை ஓங்காதீர்கள். அது கடித்து எவரும் சாவதில்லை. மறதிக்கும் அதன் பெயரை இழுக்க வேண்டாம். நாங்கள் மறந்ததைத்தான் அது சருகுக்குள் இத்தனை காலம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.